பென்சில் கணக்கும் வகுப்புக் கணக்கும்: சிறைத்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிறைகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் சில ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு சிறைக்குள் போய்ப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன். எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. வேறு இடங்களில் இதே வேலையைச் செய்தவர்களோடு பின்னாளில் பேசியபோது, ஒவ்வொருவரும் என் கதையையே தங்கள் கதையாகச் சொன்னார்கள். அதனால்தான் ஒரு கண்காணிப்பாளருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பென்சில் விவகாரம். என் வகுப்பில் 14 பேர். வகுப்புக்கு முன்னால் காவலர் 14 பென்சில் எண்ணிக் கொடுப்பார், முடிந்ததும் 14 எண்ணி வாங்குவார். எல்லாம் பாதியாக வெட்டிய பென்சில்கள். ஷார்ப்னரில் பிளேடு இருக்கிறது என்பதால் அது உள்ளே வரக்கூடாது. முனை உடைந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் எழுதி முடித்துவிட்டுத் தன்னுடையதைக் கொடுக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 13. எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள், பாயைப் புரட்டினார்கள், கிடைக்கவில்லை. வகுப்பு நிறுத்தம் என்று உத்தரவு வந்தது. அன்று இரவு வீட்டில் என் பையைத் திறந்தால், வருகைப் பதிவேட்டின் நடுவே அந்தப் பென்சில் படுத்திருக்கிறது. அடையாளத்துக்கு நானேதான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே ஓடிப்போய்ச் சொன்னேன், மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் வகுப்பு மறுபடி தொடங்க ஆறு வாரம் ஆயிற்று. கோப்பு மேலே போய்விட்டது, கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்து வந்தவர்கள் 9 பேர். வராத ஐந்து பேரில் இருவரை வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒருவர் விடுதலையாகிவிட்டார். மற்ற இருவரும் உள்ளேயேதான் இருந்தார்கள். கூப்பிட்டு அனுப்பினேன். "விடுங்க சார், இது இப்படித்தான் நின்னு நின்னு போகும்" என்று பதில் வந்தது.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பென்சில் காணாமல் போனால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். வகுப்பு காணாமல் போனால் விளக்கம் எழுத வேண்டியவர் யார்? அப்படி ஒருவரைக் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவது அந்த ஒருவரைத்தான்.

சிறையில் கல்வி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கருப்பு அங்கி போட்ட சிறைவாசி பட்டம் வாங்கும் படம். அந்தப் படமும் வேண்டும்தான். ஆனால் என் வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பட்டம் ரொம்ப தூரம். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டியவர், நீண்ட தண்டனை. மாதம் ஒருமுறை மகளிடமிருந்து கடிதம் வரும். படிக்கத் தெரியாததால் பக்கத்து செல்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசித்துக் காட்டுகிறவர் சும்மா வாசிப்பாரா? சோப்பு, துணி துவைத்துப் போடுவது, சண்டை வந்தால் அவர் பக்கம் நிற்பது என்று ஏதோ ஒரு வகையில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை, மகள் வீட்டுச் சண்டை அவருக்குத் தெரிவதற்கு முன்பே பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். "எனக்குப் பரீட்சை எல்லாம் வேண்டாம் சார். என் கடுதாசியை நானே படிக்கணும்" என்று வந்து உட்கார்ந்தார்.

ஏழு மாதம் பிடித்தது. அச்செழுத்தை நான்கு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். மகளின் கையெழுத்து அகப்படவே இல்லை. அந்தப் பெண் கொம்பையும் காலையும் பக்கத்து எழுத்தோடு சேர்த்து ஒரே இழுப்பில் எழுதுகிறவள். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவளுடைய பழைய கடிதம் ஒன்றின் உறையையே பாடமாக வைத்துக்கொண்டோம். ஒருநாள் புதுக் கடிதத்தோடு வந்தார். பிரித்து, முதல் சொல்லை விரலால் தடவி, "அப்பாவுக்கு" என்று வாசித்தார். அடுத்த வரிக்குப் போகவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "மீதியை உள்ளே போய்ப் படிச்சுக்கறேன்" என்றார். எனக்குக்கூடக் காட்டவில்லை.

இதில் உங்கள் நிர்வாகத்துக்கும் ஒரு சேதி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் உள்ளே நுழைந்ததும் யாருக்காவது கடன்பட்டுவிடுகிறார். மனு எழுத ஒருவர், தீர்ப்பு நகலைப் படித்துச் சொல்ல ஒருவர், வக்கீல் சொன்னதை விளக்க ஒருவர். பிளாக்கில் நாட்டாமை செய்கிறவர்களின் கையில் இருக்கும் பலத்தில் ஒரு பங்கு இந்தக் கடன். குழுச் சண்டைகளைத் தடுக்கச் சோதனை, கேமரா, தனிச் செல் என்று என்னென்னவோ செய்கிறீர்கள். அ, ஆ சொல்லிக்கொடுப்பதும் அந்த வேலைதான் என்று பாதுகாப்புக் கூட்டத்தில் யாராவது பேசியிருக்கிறார்களா?

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 104வது விதி, எழுத்தறிவில்லாத சிறைவாசிகளுக்கும் இளம் சிறைவாசிகளுக்கும் கல்வி கட்டாயம் என்கிறது. சிறைக் கல்வி முடிந்தவரை நாட்டின் பொதுக் கல்வி முறையோடு இணைந்திருக்க வேண்டும், விடுதலைக்குப் பிறகு சிரமமில்லாமல் படிப்பைத் தொடர அது உதவ வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 64வது விதி ஒவ்வொரு சிறையிலும் நூலகம் வேண்டும் என்கிறது. அதில் பொழுதுபோக்குப் புத்தகமும் இருக்க வேண்டுமாம். நன்னெறிப் புத்தகங்களை மட்டும் அடுக்கிவைத்துவிட்டு யாரும் எடுக்கவில்லையே என்று வருத்தப்படும் நூலகங்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும். துப்பறியும் கதை படிக்கிறவனும் படிக்கத்தான் செய்கிறான்.

மண்டேலாவின் பெயர் இந்த விதிகளுக்குப் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. அவர் அடைபட்டிருந்த தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடத்திலேயே அரசியல் கைதிகள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்டார்கள். அஞ்சல் வழியில் படிக்கவும் அனுமதி இருந்தது. ஆனால் அது சலுகையாகத்தான் இருந்தது. 1977இல், முற்றத்தில் புதைத்து வைத்திருந்த அவருடைய தன்வரலாற்றுக் கையெழுத்துப் பிரதி அகப்பட்டதும், அதற்குத் தண்டனையாக நான்கு ஆண்டுகள் படிக்கும் அனுமதியையே பறித்தார்கள். சட்டப் பட்டத்தை அவர் முடித்தது 1989இல், அப்போதும் சிறைவாசியாகத்தான். இன்று அவர் பெயரில் விதிகள் இருக்கின்றன. தண்டனையாகப் படிப்பை நிறுத்தும் பழக்கமும் அப்படியே இருக்கிறது. செல்லில் கைபேசி கிடைத்தால் வகுப்பு கட். சாப்பாட்டு வரிசையில் வாக்குவாதம் என்றாலும் வகுப்பு கட். உடம்பு சரியில்லாதவருக்குத் தண்டனை என்று யாரும் மருந்தை நிறுத்துவதில்லை அல்லவா?

சலுகை என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். சலுகை என்றால் கொடுப்பவர் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆளில்லை, அதனால் இன்று வகுப்பில்லை. மேலதிகாரி வருகிறார், வகுப்பறைக்கு வெள்ளை அடிக்கிறோம், இந்த வாரம் வகுப்பில்லை. (வெள்ளை அடித்த அறையைத்தான் மேலதிகாரி பார்த்துவிட்டுப் போனார். நன்றாக இருக்கிறது என்று வருகைப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்.)

இதற்கு ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நார்வேயில் சிறைக்குள் பாடம் நடத்தும் ஆசிரியர் சிறைத்துறை ஊழியர் கிடையாது. வெளியில் இருக்கும் பொதுக் கல்வி அமைப்பின் ஊழியர் அவர். நூலகரும் மருத்துவரும் அப்படியே வெளியிலிருந்து வருகிறார்கள். இறக்குமதி முறை என்று இதற்குப் பெயர். ஆசிரியர் உங்கள் ஊழியராக இருந்தால், வகுப்பு நின்றதை அவர் உங்களிடம்தான் சொல்ல வேண்டும், நிறுத்தியவரும் நீங்களே. கல்வித் துறையின் ஊழியராக இருந்தால், இந்த மாதம் எட்டு வகுப்பு நடக்கவில்லை என்று அவர் வேறொரு மேசையில் போய் எழுதிக் கொடுப்பார். அங்கிருந்து உங்களுக்கு ஒரு கேள்வி வரும். நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஒருவர் பிறப்பது அங்கேதான்.

ஆசிரியர் இல்லையே, பணம் இல்லையே என்பீர்கள். 1817இல் லண்டன் நியூகேட் சிறையில் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை பள்ளி தொடங்கியபோது வெளியிலிருந்து ஆசிரியை வரவில்லை. கடிகாரம் திருடிய வழக்கில் உள்ளே இருந்த ஒரு இளம்பெண்ணைச் சக கைதிகளே ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் பிரிட்டனில் ஷானன் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் இந்த வழியில்தான் இயங்குகிறது. படிக்கத் தெரிந்த சிறைவாசி, தெரியாதவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து, தினம் சுமார் இருபது நிமிடம் சொல்லிக்கொடுக்கிறார். பெரிய கூடம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். வகுப்பறை என்றாலே கூசிப்போகிறவர்கள் உண்டு. சின்ன வயதில் பள்ளியில் பட்ட அவமானம் இன்னும் ஆறாதவர்கள். அவர்களுக்கு இந்த முறை என் வகுப்பைவிட நன்றாகவே ஒத்துவரும்.

ஆனால் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கூலி கொடுங்கள். சமையலறையில் வேலை செய்தால் கூலி, தையல் கூடத்தில் வேலை செய்தால் கூலி. எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் 'சேவை' என்று கைதட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. படிக்க வருகிறவருக்கும் இதே சிக்கல்தான். வகுப்பும் பட்டறையும் ஒரே நேரத்தில் நடந்தால், வகுப்புக்கு வருகிறவர் அன்றைய கூலியை இழக்கிறார். அந்தக் கூலியில்தான் அவர் வீட்டுக்கு ஏதாவது அனுப்புகிறார். என் வகுப்பில் மிக வேகமாகப் படித்த ஒருவர் திடீரென்று நின்றுவிட்டார். பையனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும் என்றார். மகன் படிக்க வேண்டும் என்பதற்காக அப்பா படிப்பை விட்டார். இந்தக் கணக்கை உங்கள் நேர அட்டவணை போட்டுத் தந்திருக்கிறது, மாற்றவும் அதனால் முடியும்.

பிரேசிலில் படிப்புக்கு நேரடியாகத் தண்டனைக் குறைப்பே கொடுக்கிறார்கள். 12 மணி நேரப் படிப்புக்கு ஒரு நாள் கழியும். ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தால் நான்கு நாள் கழியும், ஆண்டுக்கு 12 புத்தகம் வரை, அதாவது 48 நாள். நாள் குறைவதற்காகத்தானே படிக்கிறான், உண்மையான ஆர்வமா என்று கேட்பவர்கள் உண்டு. நாமெல்லாம் மார்க்குக்காகப் படித்தவர்கள்தானே, அதில் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளவில்லையா? எனக்கு இந்தத் திட்டத்தில் இருக்கும் தயக்கம் வேறு. ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவருக்குத்தான் புத்தகத்தின் பலன் கிடைக்கும். என் பெரியவரைப் போன்றவருக்கு 48 நாளும் எட்டாக்கனி. எழுத்தறிவு வகுப்பு ஓடாத சிறையில் இதை அப்படியே கொண்டுவந்தால், இருக்கிறவனுக்கே மேலும் கொடுத்த கதையாகிவிடும்.

பலன் உண்டா என்று எண்ணிக்கையில் கேட்பவர்களுக்கு: 2013இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சிறைக்குள் கல்வித் திட்டங்களில் சேர்ந்தவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்புவது, சேராதவர்களைவிட 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று கண்டது. கல்விக்குப் போடும் ஒவ்வொரு டாலருக்கும், விடுதலைக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் மறுபடி சிறையில் அடைக்கும் செலவில் நான்கைந்து டாலர் மிச்சம் என்றும் கணக்கிட்டது. நான் இந்த எண்ணைத் தலையில் வைத்துக் கூத்தாட மாட்டேன். வகுப்புக்குத் தானாக வருகிறவர் ஏற்கெனவே திருந்த நினைத்தவராகவும் இருக்கலாம், பலனில் ஒரு பங்கு அந்த மனசுக்குப் போய்ச் சேர வேண்டியது. என்னிடம் படித்துவிட்டு வெளியே போய், அதே வழக்கில் திரும்பி வந்தவரும் உண்டு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். படிப்பு மந்திரம் கிடையாது. ஆனால் அந்த எண்ணில் பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், உங்கள் பட்ஜெட்டில் வேறு எந்தத் தலைப்பு இவ்வளவைத் திருப்பித் தருகிறது?

அதே அமெரிக்கா, 1994இல் ஒரு சட்டத்தால் சிறைவாசிகளுக்கான கல்லூரி உதவித்தொகையை நிறுத்தியது. சிறைக்குள் நடந்துகொண்டிருந்த கல்லூரித் திட்டங்களில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. அந்த உதவி முழுமையாகத் திரும்பி வந்தது 2023 ஜூலையில். ஏறக்குறைய 29 ஆண்டு. என் ஆறு வாரத்தின் பெரிய வடிவம் அது. நிறுத்த ஒரு கையெழுத்து போதும், திரும்பத் தொடங்க ஒரு தலைமுறை ஆகிறது.

'வெளியில் நேர்மையாக இருக்கும் ஏழைப் பிள்ளைக்கே படிக்க வழியில்லை, குற்றவாளிக்கு இலவசப் படிப்பா?' என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். நியாயமான கேள்வி. பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து அது வரும்போது எனக்கு வாயடைத்துப் போகும். அவர்களிடம் நான் வாதாடியதில்லை, வாதாடவும் கூடாது. மற்றவர்களிடம் இவ்வளவுதான் சொல்வேன்: உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஒருநாள் வெளியே வருவார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்வார்கள். ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு கிடைக்காத அநியாயம், உள்ளே இருப்பவரின் பென்சிலைப் பிடுங்குவதால் தீராது. இன்னொன்று, என் வகுப்பில் இருந்தவர்களில் பலர் ஒருகாலத்தில் படிக்க வழியில்லாமல் போன அந்தப் பிள்ளைகள்தான்.

வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு இளைஞன் பள்ளி இறுதித் தேர்வுக்கு உள்ளேயிருந்தே தயாரானான். தேர்வு மையமும் சிறைக்குள்தான். தேர்வுக்கு 11 நாள் இருக்கும்போது விடுதலை வந்துவிட்டது. சந்தோஷமாகப் போனான். தேர்வன்று வாசலுக்கு வந்து நின்றிருக்கிறான். உள்ளே விட விதியில்லை. மையத்தை வெளியே மாற்றிக் கொடுக்கவும் நேரமில்லை. அவன் தேர்வு எழுதவில்லை. சிறைக்குள் வரப் போராடிய ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான் என்று நாங்கள் பிறகு சிரித்துக்கொண்டோம். சிரிப்பு வரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். விடுதலைத் தேதி உங்களுக்கு முன்பே தெரியும், தேர்வுத் தேதியும் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் பார்க்க ஒருவரை நியமியுங்கள். வேறு சிறைக்கு மாற்றும்போது மருத்துவக் குறிப்பு கூடவே போகிறதே, அதே உறையில் படிப்புக் குறிப்பும் போகட்டும். எந்தப் பாடத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு வரி இருந்தால் போதும். சான்றிதழில் சிறையின் பெயரோ முகவரியோ இருக்க வேண்டாம். வேலைக்குப் போன இடத்தில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது, தெரியும். ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யலாம். வகுப்பு நேரத்தில், யாரிடமும் சொல்லாமல், நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வகுப்பு நடக்கவில்லை, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் என்ன, கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். அப்படி ஒரு பதிவேடே இல்லை என்பார்கள். பென்சில் பதிவேடு இருக்கும். அதன் பின்பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும், அங்கேயே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பென்சிலைத் தவறுதலாக வெளியே கொண்டுவந்தவன்